கடலூர், பாண்டியிலிருந்து நாய் ஷோவுக்கு: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

முதல் ஷோவுக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். “ஷோன்னா என்னண்ணே, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?” என்று நம் பக்கத்துப் பையன்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சென்னையில் ஒரு ஷோ. கடலூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பிப் போய் ரிங் (நாய்களை நிறுத்தியும் ஓடவிட்டும் நடுவர் பார்க்கிற களம்) ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வயதான ஹேண்ட்லர், ரிங்கில் நாயை நடத்திக் காட்டுகிறவர். என்ன நாய் வைத்திருக்கிறேன் என்று விசாரித்துவிட்டு, “நாயைக் கொண்டாராம வந்தீங்களே, அதுவே நல்லது தம்பி. இன்னைக்கு நாயைப் பாக்காதீங்க. நடுவரோட கையைப் பாருங்க” என்றார். மதியம் வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைத் தூக்கிப் பல் பார்க்கிறது, தோளை அழுத்துகிறது, விலாவைத் தடவுகிறது, ஆண் நாய் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இத்தனையும் செய்கிற வரைக்கும் நாய் அசையாமல் நிற்க வேண்டும். ஷோவுக்குத் தயார் செய்வது என்றால் பாதி வேலை இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஷோவில் என்ன பார்க்கிறார்கள்

இதை அழகுப் போட்டி என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு இனத்துக்கும் ‘பிரீட் ஸ்டாண்டர்ட்’ என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று இருக்கிறது. உயரம், தலையின் வடிவம், காது, பல்வரிசை, முதுகு, வால், ரோமம், நடை, குணம் எல்லாம் அதில் வரும். ரிங்கில் நிற்கிற நாய்களில் எது அந்த எழுத்துக்கு மிக அருகில் வருகிறது என்று நடுவர் பார்க்கிறார். பீகிள் என்றால் உயரம் 33 முதல் 40 சென்டிமீட்டருக்குள். லாப்ரடார் என்றால் அடியில் பருத்து நுனியில் மெலிந்து நீர்நாய் வால் மாதிரி இருக்கிற வால், தண்ணீர் ஒட்டாத அடர்ந்த குட்டை ரோமம். பெரும்பாலான இனங்களில் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை ஒட்டினாற்போல மூடி நிற்க வேண்டும். ‘சிசர் பைட்’ என்பார்கள்.

அடுத்த தலைமுறைக்கு எந்த நாயை இனச்சேர்க்கைக்கு எடுக்கலாம் என்று பார்ப்பதற்காக உருவான ஏற்பாடு இது. விதை இறங்காத ஆண் நாயைக் கழிப்பதும், கருத்தடை செய்த நாய்களைப் பொதுவாகச் சேர்க்காததும் அதனால்தான். உங்கள் நாய்க்கு ஏற்கெனவே கருத்தடை ஆகியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். கீழ்ப்படிதல், அஜிலிட்டி (தடை தாண்டி ஓடுவது) என்று வேறு போட்டிகள் இருக்கின்றன, உங்களுக்கும் நாய்க்கும் உள்ள பந்தத்தைப் பொறுத்தவரை அவை ஷோவைவிட நல்லவை என்றே நான் சொல்வேன்.

பேப்பர்

இந்தியாவில் இதற்கான பதிவேட்டை வைத்திருப்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா. எல்லோரும் கேசிஐ என்பார்கள். தலைமை அலுவலகம் நம் சென்னையில்தான். கேசிஐ-யோடு இணைந்த ஊர்க் கிளப்புகள் நடத்தும் சாம்பியன்ஷிப் ஷோவில் கலந்துகொள்ள உங்கள் நாய் கேசிஐ-யில் பதிவாகியிருக்க வேண்டும். குட்டியின் தோள்பட்டைக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவு மைக்ரோசிப் வைத்திருப்பார்கள். ரீடரைக் காட்டினால் 15 இலக்க எண் வரும். அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குட்டி வாங்கும் முன் இதைக் கறாராகக் கேளுங்கள். நான் முதலில் வாங்கிய லாப்ரடார் குட்டிக்கு, “பேப்பர் அடுத்த மாசம் வந்துடும் சார்” என்றார் விற்றவர். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. பதினோரு வருடம் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டுப் போனான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ரிங்குக்குள் அவன் கால் வைக்கவே முடியவில்லை. குட்டி கைக்கு வரும்போதே சிப் எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள். தாய், தகப்பன் இரண்டின் சான்றிதழையும் பாருங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் பிரீடரிடம், அதாவது குட்டியை ஈன வைத்து விற்பவரிடம், அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயருக்கு மாற்றாமல் விட்டால் பதிவேட்டில் அது இன்னும் அவருடைய நாய்தான். வேறு சங்கங்கள் கொடுக்கும் சான்றிதழ்களும் சந்தையில் உண்டு, முதல் பக்கத்தில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்று. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதி சொல்கிறது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் அந்த எட்டு வாரம் இருந்த குட்டிக்கும், முப்பதாவது நாளே பிரித்த குட்டிக்கும் உள்ள வித்தியாசம் ரிங்கில் அப்படியே தெரியும். முன்னது கூட்டத்தைப் பார்த்து மிரளாது.

எந்த இனம்?

பாண்டியும் கடலூரும் கடலோரம். வெயிலைவிட இங்கே புழுக்கம்தான் எதிரி. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த இரைப்பு சரியாக வேலை செய்யாது. அதனால் முகம் சப்பையான பக், புல்டாக் வகைகளும், பனிநாட்டு ரோமம் போர்த்திய ஹஸ்கியும் இந்த ஊரில் படும் பாட்டைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நாள் முழுக்க ஏசி போட முடியும் என்பவர்கள்கூட ஷோ மைதானத்துக்கு ஏசியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நம் நாட்டு நாய்களைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நான்கும் தமிழ்நாட்டு வெயிலில் பிறந்தவை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனங்களின் பெயரைச் சொன்ன பிறகு குட்டி கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், அதோடு கலப்புக் குட்டியை ராஜபாளையம் என்று விற்கிறவர்களும் கூடினார்கள். சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிப்பது ஒரு நல்ல தொடக்கம்.

ராஜபாளையம் எடுப்பதானால் காது கேட்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டி தூங்கும்போது, கை தட்டும் காற்று அதன் மேல் படாத தூரத்தில் நின்று பின்பக்கமிருந்து கை தட்டுங்கள். காது ஆட வேண்டும். எல்லாக் குட்டிகளும் ஒன்றாகப் படுத்திருக்கும்போது சோதித்தால் ஒன்று எழுந்ததைப் பார்த்து இன்னொன்றும் எழுந்துவிடும், தனியாக எடுத்து வைத்துச் செய்யுங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு எடுப்பவர்கள் தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

தொடப் பழக்குவது

என்னிடம் இப்போது இருப்பவள் ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை. பெயர் செவலை. சிப்பிப்பாறை வேட்டை நாய், வீட்டு ஆட்களிடம் உயிரை வைக்கும், வேற்றாள் என்றால் ஓரடி தள்ளியே நிற்கும். அவளுடைய முதல் ஷோவில் நடுவர் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனதும் முதுகைக் கூனிப் பின்னால் போனாள். இரண்டாம் முறை முயன்றார், அப்போதும் அப்படியே. நடுவர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். உடம்பில் குறை இல்லாத நாய். வீட்டில் நான் தினமும் பல் பார்த்தவன்தான். அந்நியர் கையை அவளுக்குப் பழக்கவில்லை, தவறு முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் குட்டியிலிருந்தே செய்யுங்கள். முதல் மாதம் வீட்டு ஆட்கள் மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம். உதட்டைத் தூக்கு, ஈரல் துண்டு கொடு. பாதத்தைப் பிடி, கொடு. வாலை அடியிலிருந்து நுனி வரை தடவு, கொடு. நாய் விலகினால் கையை எடுத்துவிட வேண்டும், பிடித்து இழுத்தால் ஒரு மாத வேலை ஒரே நிமிடத்தில் போய்விடும். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் என்று ஆட்களை மாற்றினோம். தொப்பி வைத்தவர், கண்ணாடி போட்டவர், புடவை கட்டியவர், தாடி வைத்தவர் என்று வகைவகையாக. ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஈரல் துண்டு. மூன்றாம் மாதம் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரம், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், சனிக்கிழமை சந்தடிக்குச் சற்றுத் தள்ளி. பாண்டியில் இருப்பவர்களுக்கு லாஸ்பேட்டை மைதானம் இருக்கிறது. முதலில் தூரத்தில் நில்லுங்கள், நாய் தானாகப் பதற்றம் தணிந்து தளர்ந்த பிறகு பத்தடி கிட்டே போங்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள், அந்த மேளமும் கூட்டமும் பழக்கத்துக்கு உதவாது, பயத்தைத்தான் ஏற்றும்.

எல்லாம் செய்தும் நாய் நடுங்குகிறது, வாலை இடுக்குகிறது, தின்ன மறுக்கிறது என்றால் அதற்கு ஷோ வேண்டாம். எவ்வளவு நல்ல உடம்பாக இருந்தாலும் சரி. அது நமக்கு ஆசை, நாய்க்கு அல்ல.

நிற்க, ஓட

ரிங்கில் நாய் நிற்கும் நிலைக்கு ஸ்டாக் என்று பெயர். முன்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே. பின்கால்கள் சற்றுப் பின்தள்ளி, குதிகாலிலிருந்து பாதம் வரை தரைக்குச் செங்குத்தாக. ஜெர்மன் ஷெப்பர்டு மட்டும் ஒரு பின்காலை முன்னுக்கு வைத்து நிற்கும். சின்ன இனங்களை மேஜைமேல் ஏற்றிப் பார்ப்பார்கள், அதற்கு வீட்டு மேஜையில் வழுக்காத பாய் விரித்துப் பழக்குங்கள். சுவரில் ஒரு கண்ணாடி சாய்த்து வைத்தால் நடுவர் பார்க்கிற பக்கம் எப்படித் தெரிகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆரம்பத்தில் மூன்று நொடி நின்றால் போதும். அப்புறம் ஐந்து, பத்து என்று கூட்டுங்கள்.

ஓட்டம் என்றால் டிராட். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் உள்ள வேகம், முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து எழும். நீங்கள் மெதுவாகப் போனால் நாய் ஒரே பக்கத்துக் கால்களைச் சேர்த்துத் தூக்கி ஆடி ஆடி நடக்கும், அது நடுவர் கண்ணுக்கு நன்றாக இருக்காது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வேகம் பொருந்தும். யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, மூன்று வேகத்தில் ஓடிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். நாய் உங்கள் இடப்பக்கம், கயிறு இடது கையில், ரிங்கில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டம். அதன் பிறகு நேராகப் போய்த் திரும்பி வரவோ, முக்கோணமாக ஓடவோ நடுவர் சொல்வார். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: நடுவருக்கும் நாய்க்கும் நடுவே நீங்கள் வரக் கூடாது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற சில்வர் பீச் மணலில் ஓடவிட்டால் தொடைச் சதை நன்றாக ஏறும் என்று சொல்வார்கள். அங்கே போவதானால் விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறிய மணலில் புறங்கையை ஐந்து நொடி வையுங்கள், உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துவட்டுங்கள், உப்பும் மணலும் தோலில் தங்கினால் அரிப்பு வரும். வீட்டில் டைல்ஸ் தரையாக இருந்தால் வளரும் குட்டி வழுக்காமல் நடக்க சாக்கோ ரப்பர் பாயோ விரித்து வையுங்கள்.

உடம்பு

டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ, ரேபிஸ் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும், அட்டை கையில் இருக்க வேண்டும். முந்நூறு நாய்கள் மூச்சு விடுகிற இடத்துக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுபோவது பெரிய தவறு. பாண்டியில் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கடலூர்க்காரர்களும் பெரிய சிகிச்சைக்கு அங்கே போகலாம். உண்ணியை இந்த ஊரில் வருடம் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு ஈறு வெளுத்து, ரோமத்தின் பளபளப்பும் சதையும் போய், தேறி வர மாதக்கணக்காகும்.

பெயர் கொடுப்பது

தமிழ்நாட்டில் சென்னை, கோவை, சேலம், மதுரை என்று ஷோக்கள் நடக்கின்றன, பெரும்பாலும் வெயில் தணிந்த மாதங்களில். ஊட்டியில் மட்டும் மே மாதம். நமக்குக் கிட்டத்தில் சென்னை, பாண்டியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஷோ நடத்தும் கிளப் வெளியிடும் அட்டவணையில் நடுவர் பெயர், வகுப்புகள், கட்டணம், கடைசித் தேதி எல்லாம் இருக்கும். கடைசித் தேதி ஷோவுக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும், வாசலில் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. வகுப்புகள் வயதுவாரியாகப் பிரியும். ஷோ நாளன்று நாய்க்கு என்ன வயது என்பதைக் கணக்கிட்டுக் குட்டி வகுப்பா, ஜூனியரா என்று முடிவு செய்யுங்கள். இந்தியாவில் பிறந்த நாய்களுக்கு ‘பிரெட் இன் இந்தியா’ என்று தனி வகுப்பு உண்டு, வயது வந்த நாயோடு புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல இடம். எடுத்த எடுப்பிலேயே, அனுபவமுள்ள நாய்களும் வருகிற ஓப்பன் (எல்லோருக்கும் திறந்த) வகுப்பில் போட வேண்டாம். பெட்டை நாய் அந்தச் சமயம் இனச்சேர்க்கைப் பருவத்தில் இருந்தால் அந்த ஷோவை விட்டுவிடுங்கள், ரிங்கில் ஆண் நாய்கள் ஒன்றும் ஒழுங்காக நிற்காது.

பதிவில்லாத நாய்களையும் சேர்த்துக்கொள்ளும் சிறிய செல்லப்பிராணிக் கண்காட்சிகள் நம் ஊர்களில் அவ்வப்போது நடக்கும். சாம்பியன் பட்டத்துக்கு அது கணக்கில்லை. ஆனால் கூட்டம், ஒலிபெருக்கி, பிற நாய்கள் எல்லாவற்றையும் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பயணமும் அந்த நாளும்

காரில் போவது எளிது. ரயில் என்றால் முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுதும் நம் பெயரில் கிடைத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள கூண்டுதான். அந்தக் கூண்டில் என் நாயை நான் ஏற்ற மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். முந்தின இரவே நாயின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஆழ்ந்த மார்பு கொண்ட பெரிய நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் குலுங்கினால், ஓடினால், இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளலாம். அது உயிர் போகிற விஷயம். நின்ற காருக்குள் ஐந்து நிமிடம்கூட நாயை விட்டுப் போகாதீர்கள், கண்ணாடி இறக்கியிருந்தாலும்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மெல்லிய ஷோ லீட் (ரிங்கில் பிடிக்கும் கயிறு), வீட்டுத் தண்ணீர், கிண்ணம், ஈரத்துண்டு, கூண்டு, நிழலுக்கு ஒரு குடை, சின்னதாக நறுக்கி வேகவைத்த கோழி ஈரல். குளியல் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்கட்டும். நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள், அன்றைக்கு வெட்டி ரத்தம் வந்தால் நொண்டும். நீங்கள் பாக்கெட் உள்ள உடுப்பும் வழுக்காத ஷூவும் போடுங்கள். செவலைக்குச் செம்மண் நிறம் என்பதால் நான் வெளிர்நிறச் சட்டை போடுவேன், அவள் உருவம் தனித்துத் தெரியும்.

வாசலில் மருத்துவர் பார்த்து அனுப்புவார். கையில் எண் அட்டை கட்டுவார்கள். உங்கள் ரிங்கில் எந்த இனம் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் கண் இருக்கட்டும், கூப்பிடும்போது இல்லையென்றால் காத்திருக்க மாட்டார்கள். உள்ளே போனதும் நடுவர் கேட்டதற்கு மட்டும் பதில். பெரும்பாலும் வயதைத்தான் கேட்பார். நாயின் பெயர், தகப்பன் பெயர், முன்பு வாங்கிய பரிசு எதையும் சொல்லக் கூடாது. முன்னால் ஓடுகிறவரை முட்டாமல் இடைவெளி விடுங்கள்.

வகுப்பில் முதலிடம் வந்த ஆண் நாய்கள் மீண்டும் ஒன்றாக நிற்கும், பெட்டைகள் தனியாக. அவற்றில் சிறந்ததற்கு நடுவர் தகுதி என்று கருதினால் சாலஞ்ச் சர்டிஃபிகேட் கொடுப்பார், சிசி என்பார்கள். பிறகு அந்த இனத்தில் சிறந்தது, அந்தக் குரூப்பில் (ஒரே வகை இனங்களைச் சேர்த்த தொகுதி) சிறந்தது, கடைசியில் பெஸ்ட் இன் ஷோ, அதாவது ஷோவிலேயே சிறந்தது. ஒரே நடுவரிடம் வாங்கிக் குவித்தால் சாம்பியன் பட்டம் கிடைக்காது, வெவ்வேறு நடுவர்கள் கொடுத்த சிசி சேர வேண்டும். அந்தத் தாள்களைப் பத்திரமாக ஒரு ஃபைலில் வையுங்கள், பட்டத்துக்கு விண்ணப்பிக்க அவைதான் ஆதாரம்.

நடுவரிடம் பேச வேண்டுமென்றால் அவர் அன்றைய வேலை முழுக்க முடிந்த பிறகு போங்கள். “என் நாய் ஏன் தோற்றது?” என்று கேட்காமல், “எதைச் சரி செய்யலாம் சார்?” என்று கேளுங்கள். செவலை இரண்டாவது ஷோவில் அசையாமல் நின்றாள், மூன்றில் மூன்றாவதாக வந்தாள். “பின்தொடை இன்னும் கட்டணும், ஆறு மாசம் மேட்டுல நடக்க விடுங்க” என்றார் அந்த நடுவர். கடலூரில் மேட்டுக்கு எங்கே போவது? கேப்பர் மலைப் பக்கம் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு நாள், காலை ஐந்தரைக்கு அங்கே ஏறிக்கொண்டிருக்கிறோம்.